எஞ்சாமிப் பாட்டும் ஆக்கியோன் பெயரும்

திரைப்படத்தின் துணையின்றித் தமிழில் ஒரு பாட்டு நாடெங்கும் பரவுதல் அரிது. இசைத்தட்டுக் காலந்தொட்டு நம் மெல்லிசைச் சந்தை திரையையே சார்ந்து வளர்ந்தமையின், தனிநின்று பாடியோர் புகழ்பெறினும் பொருள்பெற்றிலர். இந்நிலைக்கு மாறாக, 2021 மார்ச்சு 7ஆம் நாள் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாடல் சில வாரங்களிலேயே பல கோடி முறை கேட்கப்பெற்றது. தமிழறியாத நாடுகளிலும் ஒலித்தது. பிரெஞ்சு நாட்டு இசைஞர் டி.ஜே. ஸ்நேக் அதனை மறுவார்ப்புச் செய்து வெளியிட்டார். பாடியோர் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். காட்சிப்படுத்தியவர் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது ‘மாஜா’ என்னும் தனியிசை நிறுவனம். இதனை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். வாய்மொழி இலக்கியம் எவ்வாறு எழுத்துக்கும் விலைக்கும் உட்படுகின்றது என்பதையும், அவ்வாறு உட்படுங்கால் ஆக்கியோன் யாவன் என்னும் வினா எழுவதையும் இவ்வொரு பாட்டிலேயே நாம் கண்கூடாகக் காண்கின்றோம். ஆதலின் ஐயத்திற்கு இடமில்லை.

முதற்கண் தலைப்பை நோக்குவோம். ‘என் சாமி’ என்பதே ‘எஞ்சாமி’ என நின்றது. எழுத்து வழக்கில் னகர மெய் சகரத்தின்முன் திரியாது ‘என்சாமி’ என்றே நிற்கும். பேச்சு வழக்கிலோ பின்வரும் சகரத்திற்கு இனமான ஞகரமாகத் திரிந்து, அச்சகரமும் மென்மையுற்று ஒலிக்கும். இவ்வொலித் திரிபு நிகழ்ந்த பின்னரே ஆங்கிலச் சொல்லாகிய ‘எஞ்சாய்’ அதனோடு எதுகை கொள்ள இயலும். திருந்திய வழக்கில் இவ்விணைப்பு பிறந்திராது. தொல்காப்பியனார் வனப்பு எட்டனுள் ‘புலன்’ என்பதற்குச் சேரிமொழியை இலக்கணமாகக் கூறினமையும், பேராசிரியர் அதற்கு விளக்கத்தார் கூத்து முதலிய நாடகச் செய்யுளை எடுத்துக்காட்டியமையும் ஈண்டு நினையத்தக்கன. சேரிமொழியின் ஒலிநலம் செய்யுள்நலமாகும் என்பது நம் இலக்கண நூலோர்க்கு உடன்பாடே.

‘சாமி’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு அகன்றது. தெய்வத்தைக் குறிக்கும், நிலமுடையோனையும் மேலோனையும் கூலியாள் விளிக்கும் பணிவுச் சொல்லாகும், பேரப்பிள்ளையைப் பாட்டி மடியிலிருத்திக் கொஞ்சும் சொல்லும் அதுவே. களத்துமேட்டில் அச்சத்தோடு வந்த சொல் குடிசையினுள் அன்போடு வருகின்றது. இப்பாட்டு அச்சொல்லை உடையோனிடமிருந்து மீட்டு, பிள்ளைக்கும் முன்னோர்க்கும் ஆக்கியது. இப்பாட்டின் தலையாய சொல்லாட்சி இதுவென்பது எம் கருத்து.

இனி, பாட்டின் வரலாறு. அறிவு அரக்கோணத்தைச் சார்ந்தவர். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினாலும் 2019இல் வந்த ‘தெருக்குரல்’ தொகுப்பினாலும் அறியப்பட்டவர். அவர்தம் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். அவர் வாயிலாகக் கேட்ட கதைகளும் ஒப்பாரிகளுமே பாட்டுக்கு விளைநிலம் என அறிவு பலகாலும் கூறியுள்ளார். பாட்டியார் காட்சியிலும் தோன்றுகின்றார்.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி நீலகிரியிலே உயிரோடிருக்கின்றது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகுக்கப்பெற்றனர். மாந்தரைத் தலைக்கணக்கில் பாதியாக்கிய இக்கணக்கைப் படிக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது. திரும்பியோர்க்கு வேலை நல்கும் பொருட்டு 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1976 முதல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கிவருகின்றது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளில் காடு திருத்தித் தேயிலை நட்டோர் இவர்களே. ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசு இவர்க்கு இட்ட பெயர். அக்கம்பக்கத்தார் இட்ட பெயர் ‘சிலோன்காரர்’. அங்கே இந்தியர் எனப்பட்டவர் இங்கே சிலோன்காரர் ஆயினர்.

இத்தகையோர்தம் பாட்டில் தாலாட்டும் ஒப்பாரியும் மிக்கிருத்தல் இயல்பு. மலையக மக்கள் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி நூலாக்கினார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடி, 1940இல் அச்சிட்டும் பரப்பினார். ஆகவே தோட்டத்துப் பாட்டு அச்சேறி விலைக்குச் செல்வது புதுவதன்று. அம்மையாரின் வெளியீடுகள் அவர் பெயரோடு சென்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

‘எஞ்சாய் எஞ்சாமி’ இருகூறாக அமைந்தது. முற்கூறு முன்னோரையும் ஏரி குளங்களையும் பறவை விலங்குகளையும் விளித்து, மண்ணின் வளம் யாவர்க்கும் பொது என மகிழ்ந்து கூறுவது. பிற்கூறு, தான் வளர்த்த தோட்டம் தழைத்தும் தன் வேட்கை தணியாதவனின் புலம்பல். முற்கூறே சந்தையை வென்றது. பறவையின் குரலைப் போன்ற குறுந்தொடர் மீண்டும் மீண்டும் வருதலின், அரை நிமிடக் காட்சித் துணுக்குகளுக்கு அது பெரிதும் ஏற்றதாயிற்று. ‘இன்ஸ்டாகிராம்’ துணுக்குகள் இந்தியாவில் பரவத் தொடங்கி ஓராண்டும் நிரம்பாத காலம் அது. பெருந்தொற்றால் மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்த காலமுமாகும். இவை வெற்றிக்குத் துணைசெய்தன. எனினும் செய்யுள் என்ற வகையில் முற்கூறு சற்றே நெகிழ்ந்தது. விளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பெறினும் ஒன்றையொன்று உந்திச் செல்லவில்லை. பிற்கூறோ ஒப்பாரியின் கட்டுக்கோப்பை உடையது. பொருள் குறைந்து குறைந்து ஓர் உடலின் தாகத்தில் வந்து முடிகின்றது. களிப்பின் ஓசையைக் கேட்டு ஆடியவர் பலர். அவ்வோசையின் அடியில் இறந்தார்க்கு அழும் பாட்டு ஒன்று கிடப்பதை உணர்ந்தவர் சிலரே. இதனை வஞ்சப் புகழ்ச்சிக்கு நேர்மாறான ஓர் உத்தி எனலாம். அழுகையை ஆட்டமாக விற்றனர்.

வெற்றிக்குப்பின் பூசல் எழுந்தது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் இப்பாட்டைச் சுட்டித் தீயும், வேறொரு பாடலுக்காக ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலை 28இல் சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார். சின்னாளில் அவர், சொல்லும் மெட்டும் தம்முடையனவே என அறிக்கை விடுத்தார். சந்தோஷ் நாராயணன், இசையமைப்பு தம்முடையது என்றும், வருவாயை மூவரும் சமமாகப் பகிர உடன்பட்டனர் என்றும் மறுமொழி கூறினார். பின்னர் 2024 மார்ச்சில், இப்பாட்டால் தமக்கு வருவாய் ஏதும் வந்திலது என்று அவரே கூறினார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆயினும் தமிழ் மரபு இதற்கு விடை அறியாததன்று. பரிபாடலை நோக்குக. கிடைத்த பாடல்களிற் பலவற்றின் இறுதியில் பாடினோர் பெயர், இசை வகுத்தோர் பெயர், பண்ணின் பெயர் என மூன்றும் தனித்தனியே குறிக்கப்பெற்றுள்ளன. கடுவன் இளவெயினனார் பாட்டுக்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார் என்பதை இன்றும் நாம் அறிகின்றோம். சொல்லுக்கு உரியவரையும் இசைக்கு உரியவரையும் ஒன்றாக்காமலும், ஒருவரை மற்றவர் விழுங்காமலும் அக்குறிப்பு வேறுபிரித்துக் காத்தது. பெயர் அறியப்படாத புலவரையும் தொகுத்தோர் கைவிடவில்லை. அவர்தம் சொல்லாட்சியைக் கொண்டே செம்புலப்பெயனீரார் எனவும் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனவும் பெயர் அமைத்தனர்.

நாட்டுப்பாடல் தொகுப்புகளில் இந்நெறி தளர்ந்தது. 1958இல் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’, பாடல்களைத் திரட்டிய பெர்சி மாக்வீனின் பெயரை நமக்குத் தந்தது. நா. வானமாமலையின் தொகுப்பு சேகரித்தோர் பெயரையும் ஊரையும் குறித்து ஒருபடி மேற்சென்றது. ஆயினும் வயலிலும் இழவுவீட்டிலும் பாடிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சேறவில்லை. ‘நாட்டார்’ என்னும் பொதுப்பெயர் அவர்களை மூடிவிட்டது. வாய்மொழிப் பாட்டு ஊர்ப்பொது எனக் கொள்ளும் கொள்கை அறிவுலகில் தோன்றியது. வணிக உலகம் அதனையே வசதியாகப் பற்றிக்கொண்டது. பொதுச்சொத்து என்று கூறியபின் யாரும் எடுத்துக்கொள்ளலாம் அன்றோ? இவ்வகையில் ஆராய்ச்சியாளராகிய நமக்கும் இப்பூசலில் பங்குண்டு. இப்பாட்டின் சிறப்பு, பாட்டியார் ஒருவரின் பெயரையும் முகத்தையும் அது வெளிப்படுத்தியமையாகும். அதன் குறை, பாட்டின் உரிமைக் குறிப்பில் அப்பெயர் இடம்பெறாமையாகும். அறிவு தம் பெயருக்காக வாதிட்டபோதும் இக்குறை அவ்வாறே நின்றது.

நீலகிரியிலோ அத்தோட்டங்களின் கதை வேறு வழியிற் செல்கின்றது. தேயிலைக் கழகத்தின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கு மீள ஒப்படைக்க 2022இல் தமிழக அரசு முடிவுசெய்தது. காடு திருத்தி நட்டோரும் அவர்தம் மக்களும் குடியிருந்த லைன் வீடுகள் வேலையோடு பிணைக்கப்பெற்றவை. ஓய்வுபெற்றால் வீட்டையும் விடவேண்டும் என்பது தோட்ட வழக்கம். பாட்டின் பிற்கூற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரைக் கோத்தகிரிக்கோ சேரம்பாடிக்கோ ஒருமுறை அழைத்துச் சென்று, அங்குள்ள மூதாட்டியர் பாடும் ஒப்பாரிகளைப் பாடியவர் பெயரோடும், பிறந்த தோட்டத்தின் பெயரோடும், கப்பலேறிய ஆண்டோடும் எழுதிவரச் செய்தல் நன்று. அப்பாடல்களை அறிந்த தலைமுறையினர் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர்.