கரிசல் உளுந்துக்குச் சிறு ஆர்.என்.ஏ. எவ்வளவு உதவும்?

கோவில்பட்டி வட்டாரத்தில் உளுந்து, பாசிப்பயறு விதைக்கும் முன் ரைசோபியப் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தச் சொல்கிறார்கள். பூசிய பாக்டீரியா வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் மானாவாரிக் கரிசலில் மழை தள்ளிப்போனால், விதை வேர் விடும் முன்பே அந்தப் பாக்டீரியா காய்ந்த மண்ணில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட நெருக்கடிகளைப் பாக்டீரியா சமாளிப்பதில் சிறு ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சியில் தெளிவாகியிருக்கிறது. அவற்றை மாற்றியமைத்தே வறட்சி தாங்கும் உயிர் உரத்தை உருவாக்கிவிடலாமா? ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

மரபணுவின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது, ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்கிறது. சிறு ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் புரதம் செய்வதில்லை. ஐம்பது முதல் சில நூறு எழுத்து நீளமே உள்ள இவை, தங்களோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடம் ரைபோசோம் அமரும் இடமானால் புரத உற்பத்தி நிற்கும். பல சமயம் தூது ஆர்.என்.ஏ.வே சிதைக்கப்படும். சில வேளைகளில் மூடிக் கிடந்த செய்தியைத் திறந்துவிடுவதும் உண்டு. பல பாக்டீரியாக்களில் எச்.எஃப்.கியூ. என்ற புரதம் சிறு ஆர்.என்.ஏ.வையும் தூது ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துவைக்கிறது. 1984இல் மிசுனோ, சௌ, இனோயே ஆகியோர் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் மிக்-எஃப் என்ற ஆர்.என்.ஏ. வெளிச்சவ்வுத் துளைப் புரதம் ஒன்றைக் குறைப்பதைக் காட்டினார்கள். கரைசலின் அடர்த்தி கூடும்போது பாக்டீரியா தன் துளைகளை மாற்றிக்கொள்ளும் வழிகளில் அது ஒன்று.

இம்முறையின் பலம் வேகமும் சிக்கனமும். புதிய கட்டுப்பாட்டுப் புரதம் செய்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம்; ஒரே சிறு ஆர்.என்.ஏ. பல மரபணுக்களை ஒருசேர அடக்கலாம். 2002இல் மாசே, காட்டஸ்மன் இருவரும் ஈ.கோலையில் விளக்கிய ஆர்.ஒய்.எச்.பி. இதற்கு நல்ல சான்று. இரும்பு குறையும்போது அது உருவாகி, இரும்பு செலவாகும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. கரிசலோடு இதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றும். சுண்ணாம்பும் காரத்தன்மையும் உள்ள மண்ணில் இரும்பு எளிதில் கரையாது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கோ இரும்பு மிகுதியாக வேண்டும். ஆயினும் ரைசோபியங்களில் இரும்புக் கணக்கைப் பெரிதும் கவனிப்பவை ரிர்-ஏ, இர் என்னும் புரதங்கள். ஈ.கோலை இந்தக் கட்டுப்பாட்டு முறைக்குச் சான்று தருகிறது. வேர்முடிச்சுக்குள் நடப்பதற்கு அதைச் சாட்சியாக அழைக்க முடியாது.

நேரடியான சாட்சி 2017இல் ஸ்பெயினின் கிரனாடாவிலுள்ள ஹிமெனெஸ்-சூர்தோ குழுவிடமிருந்து வந்தது. குதிரைமசாலுடன் வாழும் சைனோரைசோபியத்தில் என்.எஃப்.இ.ஆர்.1 என்ற சிறு ஆர்.என்.ஏ.வை நீக்கியபோது, உப்பு மிகுந்த சூழலில் வளர்ச்சி தடுமாறியது. முடிச்சு உருவாவதும் தாமதப்பட்டது. மதிக்கத்தக்க சோதனை. ஆனால் ஒன்றை நீக்கினால் கேடு என்பதால் அதைக் கூட்டினால் நன்மை என்று ஆகிவிடாது. ஆய்வகத்து உப்புக் கரைசலும் காய்ந்த கரிசலும் ஒன்றல்ல. மண்ணில் சூடு உண்டு, முழு உலர்வு உண்டு, பிறகு திடீர் நனைவும் உண்டு. மேலும் உளுந்திலும் பாசிப்பயறிலும் பெரும்பாலும் முடிச்சிடுவது மெதுவாக வளரும் பிராடிரைசோபியம். அது வேறு பேரினம்.

அந்தப் பேரினத்திலிருந்தே 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வலுவான சான்று வெளிவந்தது. பிராடிரைசோபியத்தின் கடத்து ஆர்.என்.ஏ.விலிருந்து உடையும் சிறு துண்டுகள், சோயா செடியின் ஆர்.என்.ஏ. அடக்கும் கருவியையே பயன்படுத்தி, முடிச்சுக்குத் தடையான செடியின் மரபணுக்களை அடக்குகின்றன. துண்டுகளை முடக்கியபோது முடிச்சுகள் குறைந்தன. ஆனால் இங்கே அடங்குபவை செடியின் மரபணுக்கள். பாக்டீரியாவின் வறட்சித் தாக்குப்பிடிப்பு பற்றி இது எதுவும் சொல்லவில்லை. முடிச்சு கூடினாலே மகசூல் கூடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு முடிச்சும் செடியின் சர்க்கரையைத் தின்கிறது. அதனால்தான் செடியே முடிச்சுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுகிறது. தண்ணீர் தட்டும் நிலத்தில் அந்தச் செலவு இன்னும் கடினம்.

ஆய்வகம் காணாத ஒரு போட்டியும் நிலத்தில் உண்டு. கரிசலில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நாட்டு ரைசோபியங்கள் முன்பே வேரைச் சூழ்ந்திருக்கின்றன. பொட்டலத்து இனம் அவற்றை முந்தி முடிச்சில் இடம் பிடிக்க வேண்டும். பல மரபணுக்களைத் தொடும் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றை மாற்றினால், வறட்சி தாங்கும் திறன் ஏறி, போட்டித்திறன் இறங்கவும் கூடும். அப்படி மாற்றிய நுண்ணுயிரை வயலில் விடுவது மரபணு மாற்றிய உயிர்களுக்கான இந்தியாவின் 1989ஆம் ஆண்டு விதிகளின் அனுமதிக்கும் உட்பட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: சிறு ஆர்.என்.ஏ. பாக்டீரியாவின் உண்மையான, முக்கியமான கட்டுப்பாட்டு முறை. வறட்சி தாங்கும் உயிர் உரத்துக்கான கருவியாக அதை இன்று கையில் எடுக்க ஆதாரம் போதாது. அளவுகோலாக எடுக்கலாம். வறண்ட ஆண்டிலும் பச்சையாய் நின்ற உளுந்துச் செடிகளின் முடிச்சுகளிலிருந்து நாட்டு இனங்களைப் பிரித்து, கரிசல் மண்ணிலேயே உலர்த்தி நனைத்து, பிழைத்தவற்றில் எந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் கூடுகின்றன என்று அளக்க வேண்டும். தேறியவற்றை, 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில், பூசாத பாத்தியோடும் இப்போதைய பொட்டல இனத்தோடும் ஒப்பிட்டு, முடிச்சில் இடம்பிடித்த இனத்தையும் தானிய எடையையும் பல பருவங்கள் பார்க்க வேண்டும். அந்த முடிவு வரும்வரை, விவசாயி கையில் சேரும் பொட்டலத்தில் பாக்டீரியா உயிரோடு இருப்பதை உறுதி செய்வதே முதல் கடமை. செத்த பாக்டீரியாவை எந்த ஆர்.என்.ஏ.வும் எழுப்பாது.