மௌன உலகமும் விடுமுறைப் படங்களும்

கடலுக்கு அடியில் எடுத்த போட்டோக்களைப் பார்த்தால் எல்லோரும் 'அடடா, என்ன அழகு!' என்கிறார்கள். அழகுதான். ஆனால் விமரிசனம் செய்கிறவன் அந்த 'அடடா'வோடு திருப்தியடைந்துவிட முடியாது. படம் எதைக் காட்டுகிறது என்பதைப் போலவே, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதும் அவன் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இந்தப் படங்களுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லத் தக்கது 1956ல் ழாக் கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து எடுத்த 'மௌன உலகம்' என்ற ஸினிமா. மாலுக்கு அப்போது வயது 23. அந்த வருஷமே கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. பிறகு ஆஸ்காரும் கிடைத்தது. முதுகில் காற்றுக் குப்பியும் கையில் தீவட்டியுமாக மனிதர்கள் நீலத்துக்குள் இறங்குகிற ஆரம்பக் காட்சி, இன்றைக்கும் பார்க்கிறவனைச் சிறு பிள்ளையாக்கிவிடுகிறது.

ஆனால் அதே படத்தில் வேறு காட்சிகளும் இருக்கின்றன. மீன் வகைகளைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப் பாறையில் வெடி வைக்கிறார்கள். செத்த மீன்களை அள்ளுகிறார்கள். கப்பலின் சுழல்விசிறியில் அடிபட்ட ஒரு திமிங்கிலக் குட்டியைச் சுட்டுக் கொல்கிறார்கள். அதைத் தின்ன வந்த சுறாக்களை மேல்தளத்துக்கு இழுத்துப் போட்டு, ஆத்திரம் தீர வெட்டுகிறார்கள். ஆமையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்கிறார்கள். இன்றைய ரஸிகர்கள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. இந்தப் படத்தை இனிக் காட்டவே கூடாது என்று யாராவது சொன்னால், அவர்களுடைய மனசும் எனக்குப் புரிகிறது.

விடுமுறைக்குச் செங்கடலுக்கோ இந்தோனேஷியாவுக்கோ போய், ஒரு வாரம் மூழ்கி, நூற்றுக்கணக்கான படங்களோடு திரும்புகிறவர்கள் இன்று ஏராளம். இவர்களுடைய படங்கள் பொய் என்று சிலர் சொல்வது வர்ணத்தை வைத்து. தண்ணீர் சூரிய வெளிச்சத்தில் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 30 மீட்டர் ஆழத்தில் விரலில் கீறினால் வருகிற ரத்தம் பச்சையாகத் தோன்றும். அங்கே விளக்கைப் போட்டதும் பவளமும் மீனும் திடீரென்று சிவக்கின்றன. அந்தச் சிவப்பை அந்த ஆழத்தில் இயற்கையாகக் காண வழியில்லை. ஆகவே பொய் என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. இருட்டறையில் விளக்கேற்றிப் பார்த்த முகம் பொய் முகமா? விளக்கு இல்லாத ஒன்றை உண்டாக்கவில்லை, இருப்பதைத்தான் காட்டுகிறது.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. பேத்தை மீன் பலூன் மாதிரி உப்பி நிற்கும் ஒரு படம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அது உப்புவது பயத்தில். யாரோ பிடித்தோ சீண்டியோ இருக்கலாம். மணலில் கிடந்த சிற்றுயிரைக் குச்சியால் நகர்த்தி, பின்னணி நன்றாக இருக்கும் இடத்தில் வைத்துத் தருகிற வழிகாட்டிகளும் உண்டு. படத்தில் அந்தக் குச்சி இருப்பதில்லை. படமெடுக்கிறவர் நிலைகொள்வதற்காக உதைத்த காலின் கீழ் முறிந்த பவளக் கிளையும் இருப்பதில்லை. மனிதன் காலே வைக்காத சொர்க்கம் போல் ஒரு தோற்றம்.

'மௌன உலக'த்தில் ஒரு மூழ்கிய கப்பல் வருகிறது. 'திஸில்கார்ம்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்; 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுச் செங்கடலில் மூழ்கடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் வயிற்றில் மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் வரிசையாக நிற்பதை இன்றும் படமெடுக்கிறார்கள். அந்தக் கப்பலிலிருந்து ஞாபகார்த்தமாகப் பலர் பலவற்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். படகுகளைக் கட்டிக் கட்டி இரும்பும் பிய்ந்திருக்கிறது. விடுமுறைப் படங்களில் இந்தக் கதை கிடையாது. மோட்டார் சைக்கிளும், அதன் மேல் நீந்துகிற மீனும்தான்.

கூஸ்தோவின் ஆட்கள் தங்கள் கொடுமையைக் காட்டியது நேர்மையால் என்று சொல்ல மாட்டேன். அது கொடுமை என்பதே அவர்களுக்கு அப்போது படவில்லை, பெருமையாகவே காட்டினார்கள். எப்படியானாலும் காட்டினார்கள். அதனால்தான் நாம் இன்று அவர்களைக் கண்டிக்க முடிகிறது. பிற்காலத்தில் கூஸ்தோ கடலைக் காப்பாற்ற வேண்டுமென்று உலகம் பூராவும் பேசினார். அந்தப் பேச்சின் எடை தெரிய வேண்டுமானால் பழைய படமும் நம்மிடம் இருக்க வேண்டும்.

இன்றைய விடுமுறைக்காரருக்கு வெட்கம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் வெட்கம் வந்தவர் செய்கையை விடுவதற்குப் பதில், செய்கையைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் மீனுக்கு அதனால் என்ன லாபம்? கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் மிதந்து, மீன் தன் பாட்டில் போவதை எடுத்த படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. ஸ்பஷ்டமான பேத்தையை விட அதைத்தான் நான் நல்ல படம் என்பேன்.