மேடையேறிய புகைவண்டி: விக்டோரியா கால மிகையுணர்ச்சி நாடகங்களில் காட்சிப் பகட்டு

மேடைப் பொறிகள் பெருகப் பெருக நாடகத்தின் இலக்கியத் தகுதி குன்றியது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாடகம் பற்றிப் பலரும் கூறிவரும் மதிப்பீடாகும். மெலோடிராமா எனப்படும் மிகையுணர்ச்சி நாடகமே இக்குற்றச்சாட்டிற்கு மிகுதியும் இலக்காயிற்று. காட்சிப் பகட்டு கதையின்மீது பூசிய மெருகா, கதையின் கருத்தைச் சுமக்கும் உறுப்பா என்பது ஆராயத்தக்கது.

1852இல் லண்டன் பிரின்சஸ் அரங்கில் சார்லஸ் கீன் 'கார்சிகன் சகோதரர்கள்' நாடகத்தை அரங்கேற்றினார். இறந்த இரட்டையரின் ஆவி, தளத்தின் கீழ்ச் சாய்வுத் தடத்தில் நகரும் வண்டியின் உதவியால், மேடையைக் கடந்தவாறே மெல்ல மேலெழுந்தது. சாவும் பிரிக்கவியலாத உடன்பிறப்புறவை இக்காட்சி உரையாடலின் துணையின்றியே உணர்த்தியது எனலாம்.

அகஸ்டின் டேலியின் 'அண்டர் தி கேஸ்லைட்' 1867இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதில் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கிடப்பவன் ஆடவன். பூட்டிய கதவைக் கோடரியால் உடைத்து வந்து அவனைக் காப்பவள் லாரா என்னும் பெண். மறுஆண்டு லண்டனில் டயான் பூசிகால்ட் 'ஆஃப்டர் டார்க்' நாடகத்தில் இவ்வமைப்பைச் சுரங்க இரயில் பாதைக்கு மாற்றினார். 1863இல்தான் அந்நகரில் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இங்கே காப்பவன் குடியால் சீரழிந்த முதியவன் டாம். இரண்டிலும் வண்டி ஒன்றே, பொருள் வேறு. முன்னதில் பெண்ணின் ஆற்றலும் பின்னதில் வீழ்ந்தவனின் மீட்சியும் வண்டியின் வேகத்தால் சோதிக்கப்படுகின்றன.

இக்காட்சி குறித்து டேலி தொடுத்த வழக்கில் 1868இல் நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கருதத்தக்கது. சொற்கள் வேறுபடினும், நிகழ்ச்சிகளின் தொடர்வரிசையே காப்புரிமைக்குரிய நாடகப் படைப்பு என அது ஏற்றது. திறனாய்வு வெறும் பொறி என ஒதுக்கியதைச் சட்டம் படைப்பாக மதித்தது.

எனினும் மறுப்பிற்கும் இடமுண்டு. பூசிகால்டின் 'நியூயார்க்கின் ஏழைகள்' (1857), 1864இல் லிவர்பூலின் ஏழைகளாகவும் 'லண்டன் தெருக்க'ளாகவும் உருமாறியது. ஊர்ப்பெயர் மாற, வீடு பற்றியெரியும் காட்சி எல்லா ஊர்க்கும் பொருந்திற்று. எங்கும் பொருந்தும் தீ, வறுமைக்கு அவ்வவ்வூரில் காரணமானவற்றைச் சுட்டாது போகிறது. பகட்டு விற்பனைச் சரக்காகும் நிலை இதுவே.

ஆகவே, காட்சியின் பருமையைக் கொண்டு நாடகத்தைத் தாழ்த்துவதோ உயர்த்துவதோ பொருந்தாது. இடர் வரும்போது அதனைத் தடுக்க நீளும் கை யாருடையது, அக்கைக்கு அதுகாறும் சமூகம் அளித்திருந்த இடம் யாது என்னும் வினாக்களே அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலின்படி, மேடையேறிய புகைவண்டி இலக்கியத்திற்குப் புறம்பானதன்று என்பது தெளிவு.