அலமாரியை அடுக்கியவர்கள்

'உலக இசை' என்பது கடை அலமாரிக்கு வைத்த பெயர். 1987இல் லண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, எங்கே அடுக்குவதென்று தெரியாத அந்நிய ஒலிகளை விற்பதற்காக இதை முடிவு செய்தார்கள்.

இதைச் சொல்லி ஏகாதிபத்தியத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம்ம ஊர் அலமாரியை அடுக்கினது யாரு? 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி முதல் மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் வரை மார்கழியில் பாடப்படுவது 'சங்கீதம்'. பறையும் கானாவும் சாவு வீட்டுச் சத்தம். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. எந்த இசைக்காக என்று கேட்டுப் பாருங்கள், சபாவைத்தான் கை காட்டுவாங்க. உலகச் சந்தை உள்ளூர்ச் சாதியடுக்கை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

பறை இன்று அமெரிக்கத் தமிழர் மேடைகளில் முழங்குகிறதே என்பார்கள். முழங்கட்டும். அங்கே அது தமிழ் அடையாளம். இங்கே அதை அடித்த கைகள்மேல் சுமத்திய இழிவு மட்டும் விமானம் ஏறவில்லை.

2015இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவுக்குச் சபாக் கலைஞர்கள் போய்ப் பாடினார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் அழைப்பது, போவது, வருவது பற்றிய முடிவு பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கானாவோடு ராப்பையும் ராக்கையும் சேர்த்து அம்பேத்கரைப் பாடினார்கள். உலகமயம் கொண்டுவந்த வடிவத்தாலேயே சபாவைத் தாண்டினார்கள்.

நம் இசை கெட்டுப்போகிறதே என்ற புலம்பலை இங்கிருந்துதான் விசாரிக்க வேண்டும். அந்த 'நம்'முக்குள் யார் யார் இருந்தோம்?