ஸ்கை-வொச்சர் 130பிடிஎஸ்: ஆடி நல்லது, குழாய்க்குள் வேலை இருக்கிறது

வான்படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேள்விப்படும் நியூற்றன் வகைத் தொலைநோக்கிகளில் ஸ்கை-வொச்சர் 130பிடிஎஸ் ஒன்று. ஆடியின் விட்டம் 130 மி.மீ., குவியத்தூரம் 650 மி.மீ. ஆடியில் குறைசொல்ல அதிகம் இல்லை. குறை குழாயில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொனில் படம் எடுப்பவரை அது கூடுதலாகவே வருத்தும். தீவகம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் கிடப்பதால், லண்டனிலும் பாரிசிலும் அடிவானத்துக்கு மேலே வராத கரினா நெபுலா இங்கே தெற்கில் சுமார் 20 பாகை வரை எழுகிறது. ஒமேகா செந்தோரி கொத்து 33 பாகை வரை. பெரிய கொடுப்பினைதான். ஆனால் கரினாவைப் பிடிக்கக் குழாயை வேலிக்குச் சற்று மேலாகச் சரிக்கவேண்டும். அப்போது ஒழுங்கை முனைத் தெருவிளக்கும் அயல்வீட்டு விறாந்தை மின்குமிழும் குழாயின் வாய்க்கு அருகே வந்துவிடுகின்றன.

இந்தக் குழாயில் குவியமாக்கிக்கு முன்னால் மிச்சமிருக்கும் நீளம் சொற்பம். பக்கவாட்டில் நுழையும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு, ஆடிகளை எட்டியும் பாராமல் கமராவுக்குள் தெறிக்கிறது. உள்ளே பூசிய கறுப்பு நேரே பார்க்கும்போது கறுப்புத்தான். சரிந்து விழும் ஒளியில் அதுவே சாம்பலாக மினுங்கும். கமராவைக் கழற்றி, அது இருந்த இடத்தில் கண்ணை வைத்தால் இது விளங்கும்: நடுவில் இரண்டாம் ஆடி, அதைச் சுற்றி வெளிறிய சுவர், அதற்கும் வெளியே குவியமாக்கியின் இழுகுழாய் உட்புறம் ஒரு வளையமாகப் பளபளக்கும். இன்னொரு வாசல் பின்பக்கம், ஆடியைத் தாங்கும் தட்டைச் சுற்றிய இடைவெளி. வாயை மூடியால் அடைத்து நீண்ட படம் ஒன்று எடுங்கள். அடுத்ததை எடுக்கையில் பின்னால் ரோச் அடியுங்கள். இரண்டாவது படம் வெளிறினால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

மென்பொருளில் திருத்தலாமே என்பார்கள். சிரில், கிராக்ஸ்பேர்ட் இரண்டும் இலவசம். நகர வானம் தரும் சீரான வெளிறலை நன்றாகவே கழிக்கின்றன. ஆனால் சிதறொளி வளைவாகவும் திட்டாகவும் விழும்போது, அது நெபுலாவின் மங்கல் ஓரமா விறாந்தை மின்குமிழா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியிலும் இரண்டாம் ஆடியைத் தாங்கும் காலில் தெறித்த ஒளி புகைக்கீற்றாகப் படங்களில் விழுகிறது. அது பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுவதால் மாதிரி செய்து கழிக்கிறார்கள். நம் வளவிலோ குழாய் வானத்தோடு நகர, விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. திட்டு படத்துக்குப் படம் இடம்மாறும். பிளாற் படமும் இதற்கு உதவாது. பிளாற் என்பது வெளிச்சம் எங்கே குறைகிறது என்ற கணக்கு, அதனால் வகுக்கிறோம். சிதறொளி மேலதிகமாகக் கூடுவது. கூடியதை வகுத்துத் தீர்க்க முடியாது. அதே சுவர் பிளாற் எடுக்கையிலும் தெறித்தால் மூலைகள் இன்னும் கெடும்.

தீவகம் இருட்டுத்தானே, இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வியும் நியாயமானது. வானம் இருட்டாக இருக்க இருக்க மங்கலான பொருள்கள் படத்தில் ஏறும். அவற்றை வெளிக்கொணர நாம் படத்தை இழுக்கும்போது ஒற்றை விளக்கின் தெறிப்பும் சேர்ந்தே மேலே வரும். ஆகவே நல்ல வானம் உள்ளவருக்குத்தான் இந்தத் திருத்தத்தால் இலாபம் கூட.

செலவு பெரிதல்ல. எதிர்ச்சுவருக்கும் இழுகுழாயின் உட்புறத்துக்கும் கறுப்பு வெல்வெற், வாய்க்கு ஆடி விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்தில் ஒரு முகமூடி, பின்பக்கத்துக்குக் கறுப்புத் துணி உறை. கடற்காற்று ஊரில் முகமூடி இரண்டாம் ஆடியில் பனி படிவதையும் தாமதப்படுத்தும். இழுகுழாய் ஒளிப்பாதைக்குள் நீட்டி, பிரகாசமான நட்சத்திரங்களைக் கடித்ததுபோல் காட்டும் குறை மட்டும் துணியால் தீராது. இழுகுழாயை அறுத்துக் குறுக்குபவர்கள் உண்டு, உத்தரவாதம் முடியும்வரை நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

130பிடிஎஸ்சைத் தாராளமாக வாங்கலாம். வடிகட்டிக்கோ புதிய கமராவுக்கோ காசு ஒதுக்குமுன் வெல்வெற்றை வாங்குங்கள். ஆடியைக் கழற்றி வைத்த பிறகே ஒட்டுங்கள். யாழ்ப்பாண வெக்கையில் மலிவுப் பசை இளகும், நல்ல பசையாகப் பாருங்கள். ஆடியைத் திரும்பப் பூட்டியதும் ஒளியச்சைச் சரிபார்க்க மறக்கவேண்டாம்.