பத்தாயிரத்து எண்பது காரணிகள்

67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றே குறைவான இந்த எண்ணுக்கு 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இவ்வளவு பெரிய எண்களுக்குச் சராசரிக் காரணிகள் முப்பதை ஒட்டித்தான் இருக்கும் என்று தெரிந்தால், இதன் செழிப்பு விளங்கும்.

கணிதத்தில் புகழெல்லாம் பகா எண்களுக்கே போய்ச் சேருகிறது. ராமானுஜன் நேர் எதிர்த் திசையில் நடந்தார். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் உயர் பகு எண்களைத் தேடி, 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் நெடிய கட்டுரை ஒன்றை எழுதினார். அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. அந்தக் கட்டுரையின் அட்டவணையில் கடைசியாக நிற்பது இந்த எண்தான்.

பிரித்துப் பார்த்தால்தான் அழகு தெரியும்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகள் 6, 4, 2, 2 என்று இறங்கி, பிறகு ஒன்று ஒன்றாக நீள்கின்றன. எங்கும் ஏற்றமே இல்லை; இருக்கவும் முடியாது. 2-க்கும் 3-க்கும் அடுக்குகளை மாற்றிப் போடுங்கள். காரணிகள் அதே 10,080; எண்ணோ இரண்டேகால் மடங்காக வீங்கிவிடும். சிறிய பகா எண்ணை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் செலவழிக்கும் சிக்கனம் இது. இன்னொரு 2-ஐப் பெருக்கினால் எண் இரட்டிக்கும், காரணிகளோ ஏழில் ஒரு பங்குதான் கூடும். 29-ஐச் சேர்த்தால் காரணிகள் இரட்டிக்கும், ஆனால் எண் 29 மடங்காகும். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையையெல்லாம் நிறுத்துப் பார்த்துச் சமன் செய்திருப்பதில்தான் எனக்கு மயக்கம். எந்த உயர் பகு எண்ணிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-ஆகவே இருக்கும், 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு என்பதையும் ராமானுஜன் நிறுவினார். முடிவில்லாத வரிசையில் இரண்டே விலக்குகள்!

இந்த எண் 1 முதல் 28 வரை எதனாலும் மீதியின்றி வகுபடும். 29-இல்தான் முதல் தடை. ஆனால் இதோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 2 முதல் 28 வரை எதை வைத்து வகுத்தாலும் மீதி 1. இத்தனை தாராளமான எண்ணுக்கு அடுத்த வீட்டில் இப்படியொரு கெடுபிடி! 10,080-உம் சாதாரணமல்ல. அதுவும் ஓர் உயர் பகு எண். ஒரு வாரத்தின் மொத்த நிமிடங்களும் அதுவே.

ராமானுஜனின் கட்டுரை அச்சான காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்று, 1997-இல்தான் வெளிவந்தது.

அச்சான அட்டவணையில் ஒரே ஓர் உயர் பகு எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. அதற்குக் காரணிகள் 5,040. கடைசி எண்ணின் பகாக் காரணிகளில் 23-ஐ மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெருக்குங்கள். வருவது அந்த விடுபட்ட எண்தான்.