கோப்பறைக்குள் ஒரு சங்கம்: ‘ரமணா’வும் சென்னைத் தென்புறநகரும்

திறவுச்சொற்கள்: தமிழ்த் திரைப்படம், சதி, ரகசியச் சங்கம், வருவாய் ஆவணம், புறநகர்

மேலைத் திரைப்படங்களில் ரகசியச் சங்கம் பெரும்பாலும் தேவாலய நிலவறையோடும் பழஞ்சின்னங்களோடும் பரம்பரைச் சடங்குகளோடும் பிணைந்து வருவது. ‘தி டா வின்சி கோட்’ (2006) இதற்குப் பலரும் அறிந்த சான்று. தமிழ்த் திரைப்படத்தில் சதியின் இருப்பிடம் வேறு. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) படத்தில் ஜப்பானுக்கு உளவு சொல்பவன் ஒரு வானொலிப் பொறியாளன். தன் திறமைக்கு மதிப்பில்லை என்னும் கசப்பே அவனைத் துரோகத்திற்குக் கொண்டுசெல்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்த ஏ.ஆர். முருகதாஸின் ‘ரமணா’ (2002) சதியை அரசு அலுவலகத்தின் கோப்பறைக்குக் கொண்டுவந்தது. அப்படம் காட்டும் சங்கத்தின் இயல்பையும், சென்னைத் தென்புறநகரின் நில வரலாற்றுக்கு முன் அக்கற்பனை எதிர்கொள்ளும் போதாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சதிகாரர்களே நேர்மையாளர்களாக இருப்பது ‘ரமணா’வின் அடிப்படைத் தலைகீழாக்கம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பழைய மாணவர்கள் அரசுத் துறைகளில் பரவியிருந்து, உடன் பணிபுரிவோரின் ஊழலைக் கணக்கெடுக்கின்றனர். பதினைந்து வட்டாட்சியர்கள் கடத்தப்படுகின்றனர்; பதினான்கு பேர் திரும்பி வருகின்றனர்; பட்டியலில் முதலிடம் பெற்றவர் கொல்லப்படுகிறார். இச்சங்கத்தில் உறுதிமொழிச் சடங்கோ குறியீட்டு மொழியோ முதன்மை பெறவில்லை. துறைவாரியான பட்டியலும் தரவரிசையும் சான்றாவணங்களுமே அதன் கருவிகள். சுருங்கச் சொன்னால் அது ஒரு தணிக்கைத் துறை. தண்டிக்கும் அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்ட தணிக்கைத் துறை. ‘இந்தியன்’ (1996) படத்தின் சேனாபதி தனியொருவராகச் செய்ததை இங்கே ஒரு நிருவாக அமைப்பு செய்கிறது. அரசை எதிர்க்கும் சங்கம் அரசின் வடிவத்தையே நகலெடுத்துக்கொள்கிறது என்பது கவனத்திற்குரியது.

படத்தின் கூர்மையான சிந்தனை நாயகனிடம் இல்லை. யூகிசேது ஏற்ற காவலர் பாத்திரத்தில் இருக்கிறது. தகுதியிருந்தும் உயர்பதவி எட்டாத அக்காவலர், சங்கத்தின் உறுப்பினர்களைத் தேடும்போது குற்றத்தின் தடயத்தைத் தேடுவதில்லை. அலுவலகந்தோறும் கையூட்டு வாங்காதவர் யார் என்று கேட்கிறார். எல்லோரும் வாங்கும் இடத்தில் வாங்காதவரே விலகி நிற்பவர். விலகி நிற்பவரே ஐயத்திற்குரியவர். நேர்மையே துப்பாக மாறும் இத்தருணத்தை நாயக வழிபாட்டின் ஆரவாரத்தில் விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஊழல் மறைவாக நடக்கவில்லை, அதுவே நடைமுறை, மறைந்து வாழவேண்டியது நேர்மைதான் என்பதைப் படம் தன்னையறியாமலே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

அவ்வாறு ஒப்புக்கொண்ட பின்னும் படத்திற்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறான். தகுதியற்ற நிலத்தில் அதிகாரிகளை விலைக்கு வாங்கிக் கட்டடம் எழுப்பிய தொழிலதிபர். இடிபாட்டில் மனைவியையும் குழந்தையையும் இழந்த நாயகன். தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம், செம்பாக்கம் எனப் பரந்து கிடக்கும் பகுதியிலிருந்து பார்க்கும்போது இவ்விடத்தில்தான் கற்பனை தளர்கிறது. இங்கே ஏரி மனைப்பிரிவானது எந்த நிலவறைச் சதியாலும் அன்று. நீர்நிலைப் புறம்போக்கில் எழுந்த வீடுகளும் காலப்போக்கில் மின் இணைப்பும் வரி ரசீதும் தெருப் பெயரும் பெற்றன. ஒவ்வொரு தாளிலும் அலுவலக முத்திரை உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது மக்கள் தேடியது ஒரு பத்ரிநாராயணனை. கிடைத்ததோ பல பதிற்றாண்டுகளின் கோப்புகள்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். படம் முன்கூட்டியே சொன்னது என்று வியப்பது எளிது. ஆனால் ‘ரமணா’வில் இடிபாட்டுக்குள் கிடப்பது குடியேறிய நடுத்தரக் குடும்பம், மௌலிவாக்கத்தில் இறந்தவர்களுள் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள், அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். யாருடைய இழப்பு பழிவாங்கும் கதைக்குத் தகுதியுடையது என்பதைத் திரைப்படம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. செங்கல் சுமப்பவரின் மகன் பேராசிரியராகவும் மாணவர் படையைத் திரட்டவும் அத்திரைக்கதையில் இடமில்லை.

மற்றொரு மௌனமும் உண்டு. கையூட்டை வாங்குவோர்க்குப் பட்டியல் இருக்கிறது, கொடுப்போர்க்கு இல்லை. பட்டா மாற்றத்திற்காகவும் வரைபட ஒப்புதலுக்காகவும் ‘மாமூல்’ கொடுத்துவிட்டுத் திரையரங்கில் கைதட்டும் பார்வையாளரைப் படம் குற்றமற்றவராகவே வீட்டுக்கு அனுப்புகிறது. ‘அந்நியன்’ (2005) குடிமக்களின் அலட்சியத்தையும் குற்றமாக்கியது என்பது உண்மையே. எனினும் அது சங்கத்தைக் கலைத்து, சதி முழுவதையும் ஒரு மனிதனின் பிளவுண்ட மனத்திற்குள் அடைத்துவிட்டது. குடிமக்கள் ஒன்றுகூடித் தகவல் திரட்டுவது என்ற ‘ரமணா’வின் ஒரே அரசியல் சாத்தியமும் அத்துடன் மறைந்தது.

அச்சாத்தியம் கற்பனையன்று. தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது 1997இல். அதாவது, பேராசிரியரின் மாணவர்கள் திருட்டுத்தனமாகக் கோப்புகளைத் திரட்டியது அச்சட்டம் நடைமுறையில் இருந்த மாநிலத்தில். அச்சட்டத்தின் எல்லை குறுகியது என்பது வேறு. 2005இன் நடுவண் சட்டம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதே கோப்புகளைக் கேட்கும் வழியைத் திறந்தது. ஆனால் விண்ணப்பம் எழுதிவிட்டு முப்பது நாள் காத்திருக்கும் நாயகனை வணிகத் திரைப்படம் இன்னும் உருவாக்கவில்லை. லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) படத்தில் ரகசியக் குழு மீண்டும் வருகிறது. அதன் உறுப்பினர்கள் அரசே முன்னர் பயிற்றுவித்த முகவர்கள். பகைவன் போதைப்பொருள் கும்பலின் தலைவன். அங்கே முகமூடி இருக்கிறது, துப்பாக்கிகள் இருக்கின்றன; வட்டாட்சியர் அலுவலகம் இல்லை.